பார்க்காமல் மூடிய பக்கம்

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை என்று தெரிந்தும் கேட்டது உங்கள் தவறு. எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திரையையே அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டீர்கள் என்றும் கேள்வி. நான் எழுத நினைப்பது என்னுடைய ஒரு தப்பைப் பற்றி. சோம்பலாலோ அறியாமையாலோ செய்ததில்லை. நடுநிலையானவன் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டுச் செய்தது. நம் வேலையில் இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் அப்படி ஒரு தப்பைச் செய்ய வாய்ப்பே கிடைக்காது.

நம் அலுவலகம் அப்போது செங்கல்பட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே கல் அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் மதுராந்தகத்திலிருந்து ரயிலில் வருவேன். அதற்கு முன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன். பல நாட்டு அமைப்புகள் ஒன்று சேர்ந்து, இணையத்தில் வெறுப்பைக் கிளப்பும் பதிவுகளைப் படித்து, இது இருக்கலாம், இது கூடாது என்று நிறுவனங்களுக்குப் பரிந்துரை செய்கிற வேலை என்றார்கள். இதுவும் பிழை திருத்தம்தானே என்று சேர்ந்துவிட்டேன். "ஊர்ல கீறவன் திட்றதையெல்லாம் குந்திகினு படிக்கிறது ஒரு வேலையா?" என்று என் மனைவி கேட்டாள். முதல் மாதம் முழுக்க எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது.

இப்போதும் நீங்கள் 'அவரவர் வாசல்' என்ற விதியை வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தமிழன் எழுதியதைத் தமிழன்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சிங்களத்தில் எழுதியதைச் சிங்களர்தான் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு கருத்துச் சொல்லலாம், முடிவு எடுக்கக் கூடாது. நம் ஆள் பேசியதை அந்தப் பக்கத்தார் நீக்கினால் ஓரவஞ்சனை என்று பேச்சு வரும் என்பதற்காக ஏற்படுத்திய விதி. நல்ல விதிதான். ஆனால் அதற்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் ஆளைக் கண்டிப்பாகப் பிடித்தால், 'பாருங்கள், தன் ஆளையே விடமாட்டேன் என்கிறார்' என்று மற்ற நாட்டுக்காரர்கள் மெச்சுவார்கள். அந்த மெச்சல் எனக்குப் பிடித்துப்போனது. கொஞ்ச நாளில் எனக்குச் சந்தேகம் வரும் பதிவையெல்லாம் நீக்கச் சொல்லத் தொடங்கினேன். அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

சிங்கள வாசலுக்குப் பொறுப்பாக இருந்தவர் கண்டியில் இருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சிங்களப் பெண்மணி. நடுவயதில் புத்தகம் வைத்துத் தமிழ் கற்றவர். முதல் நாள் நான் மதுராந்தகத்துத் தமிழில் கடகடவென்று பேசியதும், "நீங்கள் பேசுவது எனக்கு விளங்கவில்லை, தம்பி. தயவுசெய்து எழுதுவதுபோல் பேசுங்கள்" என்றார். அன்று முதல் அவரிடம் மட்டும் நான் அச்சடித்த மாதிரிதான் பேசுவேன். பிறகு நம் பதிவுகளைக் கேட்டுக் கேட்டுப் பேச்சுத் தமிழும் அவருக்கு விளங்கத் தொடங்கியது, வாயில் மட்டும் வரவில்லை. தினமும் காலை பதினொரு மணிக்கு அவருடைய அழைப்பு வரும். வேலை பேசி முடித்ததும், கண்டியில் மழையா, உங்கள் ஏரி நிரம்பிவிட்டதா என்று இரண்டு நிமிடம் பேசுவோம். பல வருடம் இப்படிப் பேசியும் ஒரு தடவைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். இந்த வருடம் போகலாம், அடுத்த வருடம் போகலாம் என்று தள்ளித் தள்ளி, என் முழங்கால் போய்விட்டது, அவருடைய காதும் கேட்காமல் போய்விட்டது. இப்போது போனில் பேச முடியாது. எப்போதாவது கடிதம் எழுதுகிறார். இன்றும் பதினொரு மணி ஆனால் என் கை தானாக போனை எடுக்கிறது. அந்தக் குரலுக்காக ஏங்குகிறேன் என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், இந்த வயதில் எனக்கென்ன வெட்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். மாமல்லபுரத்துப் பையன் ஒருவன், பெயர் தினேஷ், கோபுரத்துக்குச் சுதை வேலை செய்கிறவன். இலங்கையில், கண்டிப் பக்கம் சிங்களர் ஊர் ஒன்றில், ஒரு கோவில் திருப்பணிக்குப் போயிருந்தான். அங்கே சாரம் சரிந்து இறந்துபோனான். உடலோடு அவனுடைய போனும் வீடு வந்து சேர்ந்தது. சாரக் கயிற்றை யாரோ வேண்டுமென்றே அறுத்துவிட்டார்கள் என்று எவனோ அவன் அம்மாவின் காதில் போட்டிருக்கிறான். அது உண்மை இல்லை, கயிறு இற்றுப்போயிருந்தது என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அந்தத் தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, அந்த ஊர் சனம் ஒன்றுகூட உருப்படாது, புல் பூண்டு இல்லாமல் போக வேண்டும் என்று சாபம் விட்டார். தினேஷின் தங்கை அதை அண்ணனுடைய போனிலேயே படம் பிடித்து, அண்ணனுடைய இணையப் பக்கத்திலேயே போட்டுவிட்டாள். அவளுக்கு அப்போது வேறு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

சில நாள் அது அங்கேயே கிடந்தது. பிறகு ஒரு காலையில், அதை எடுத்துப் பகிர்ந்து மேலே சில பேர் எழுதத் தொடங்கினார்கள். இலங்கையிலிருந்து யாத்திரை வந்த சிங்கள முதியவர்கள் ஒரு பஸ்ஸில் அன்று மாமல்லபுரம் பார்க்க வருகிறார்கள், பார்க்கிங்கில் கூடுங்கள், அந்த அம்மா கண்ணீருக்குப் பதில் சொல்லுவோம் என்று. நாற்பது பேர், முக்கால்வாசிப் பேர் என் வயதைத் தாண்டியவர்கள். பஸ் அதற்குள் சென்னையிலிருந்து கிளம்பியிருந்தது.

அன்று பதினொரு மணி வரை காத்திருக்காமல் அக்காவே அழைத்தார்.

"தம்பி, தாயின் பதிவைத் தொடாதீர்கள். அதன் மேல் ஆள் கூப்பிட்டு எழுதியவர்களைப் பிடியுங்கள். ஒவ்வொருவராக."

"ஒவ்வொருவராகப் பிடித்தால் மதியம் ஆகிவிடும் அக்கா. மூலப் பக்கத்தை மூடினால் அதிலிருந்து பகிர்ந்தது எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும்."

"அவர் செய்த தவறு என்ன?"

"ஓர் இனத்தையே நாசமாகப் போகச் சொல்கிறார். உங்கள் பக்கத்தில் ஒருவர் எங்களை இப்படிச் சொன்னால் விடுவீர்களா?"

"யார் சொன்னார், எந்த நிலையில் சொன்னார் என்று பார்ப்பேன். நீங்கள் பக்கம் முழுவதும் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்" என்றேன்.

பொய். அந்தச் சாபம் விட்ட வீடியோவை மட்டும் மூன்று முறை பார்த்திருந்தேன். அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று விரலால் தள்ளிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா மறுபடியும் ஏதோ சொல்ல வந்தார். "இது என் வாசல் அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அத்தனை வருடத்தில் அவரிடம் நான் பேசிய மோசமான வாக்கியம் அதுதான். ஒரு பதிவை மட்டும் நீக்கச் சொல்லியிருக்கலாம். அதற்குக் காரணம் எழுத வேண்டும், பத்து நிமிடம் ஆகும். முழுப் பக்கத்தையும் மூடச் சொல்ல ஒரு கட்டத்தில் குறி போட்டால் போதும். போட்டேன்.

பக்கம் போனது. ஆனால் ஆட்களைக் கூப்பிட்டவர்கள் அதற்குள் வீடியோவைத் தங்கள் போனில் இறக்கி வைத்திருந்தார்கள். பக்கம் மறைந்ததும் அதைத் திரும்ப ஏற்றி, 'ஒரு தாய் அழுததுகூட அவர்களுக்குப் பொறுக்கவில்லை, வாயை அடைத்துவிட்டார்கள்' என்று எழுதினார்கள். காலையில் பத்துப் பேர் வருவதாகச் சொன்ன இடத்துக்கு மதியத்தில் ஒரு பெரிய கூட்டமே கிளம்பிவிட்டது. அணைக்கப் போனவன் நான்தான் விசிறிவிட்டேன். மாடியில் இருந்த எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

நாற்பது பேரைக் காப்பாற்றியது நானில்லை, அக்காதான். நான் போனை வைத்த அடுத்த நிமிடமே அவர் கண்டியில் யார் யாரையோ பிடித்து, அந்தப் பஸ்ஸில் வந்த வழிகாட்டியின் எண்ணை வாங்கியிருக்கிறார். பஸ் அப்போது கோவளத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. "திருப்போரூரில் ஒரு பழைய முருகன் கோவில் இருக்கிறது, அங்கே அழைத்துப் போங்கள், மாமல்லபுரம் வேண்டாம்" என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். பஸ் அங்கேயே திரும்பி, கேளம்பாக்கம் வழியாகத் திருப்போரூர் போனது. சிங்களர்களுக்குக் கதிர்காமத்து முருகன் என்றால் உயிர். கந்தசாமியைப் பார்த்ததும் அந்த முதியவர்கள் வெயிலையும் மறந்து கும்பிட்டார்கள், ஒரு பாட்டி தட்டு நிறையப் பழம் வாங்கி வைத்தார் என்று வழிகாட்டி பிறகு சொன்னாராம். சாயங்காலம் சென்னைக்கே திரும்பினார்கள். தங்களுக்காக ஒரு கூட்டம் காத்திருந்தது என்று அவர்களுக்குக் கடைசி வரை தெரியாது. வெயிலில் நின்று அலுத்து, கூட்டமும் கலைந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் பாராட்டு வந்தது. 'தன் தரப்பிடம் சமரசம் செய்யாத விரைவான முடிவு' என்று எனக்குத் தனியாக ஒரு வரி. மறுநாள் பதினொரு மணிக்கு அக்கா வழக்கம்போல அழைத்தார், வேலை பேசினார். மழையைப் பற்றிக் கேட்கவில்லை. அதன் பிறகு ரொம்ப நாளைக்குக் கேட்கவில்லை.

முடிவு எடுத்தவர் கையில் அதே முடிவின் மீதான முறையீடு வரக் கூடாது என்பதும் நம் விதி. அதனால் தினேஷின் தங்கை எழுதிய முறையீடு எனக்கு வரவில்லை. அது வேறு நாட்டில் வேறொருவர் வரிசையில் போய் உட்கார்ந்து, அவர் அதைத் தமிழ் தெரிந்த ஆளிடம் கொடுக்கத் தாமதமாகி, காலக்கெடு தாண்டிவிட்டது. கெடு முடிந்த முறையீடுகளின் பட்டியல் சில மாதம் கழித்து என் மேசைக்கு வந்தபோதுதான் பார்த்தேன். அந்தப் பெண் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'சார், அம்மா அழுத வீடியோ தப்புன்னா அத மட்டும் எடுத்துடுங்க. அண்ணன் அங்க வேல செய்யும்போது பேசிப் போட்ட வீடியோ எல்லாம் அந்தப் பக்கத்துலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல, போன்லகூட இல்ல. அம்மா தினம் அதப் போட்டுக் கேட்டுகினு இருந்துச்சு. இப்ப சாப்புட மாட்டேங்குது.'

பிறகு எழுத வேண்டியவர்களுக்கெல்லாம் எழுதினேன், கெஞ்சினேன். நிறுவனத்திலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. கெடு முடிந்த பக்கங்களை அழித்துவிடுவார்களாம், திரும்ப எடுக்க வழியில்லையாம். இறந்துபோன ஒரு பையனின் குரல் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் இருந்தது, அதை என்னவென்று பார்க்காமலே நான் துடைத்துவிட்டேன்.

பதிவு போட்டவர்களை நாம் நேரில் சந்திக்கக் கூடாது. அந்த விதியை நான் உடைத்தேன். நீங்கள் உடைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு, செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனேன். அந்த அம்மாவின் பெயர் மல்லிகா. ஒரு பட்டறையில் மாவுக்கல் பொம்மைகளுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். புருவம் வரை வெள்ளைத் தூசி. எதிரே வரிசையாகச் சின்னச் சின்னப் பிள்ளையார்.

"இன்னா வோணும்? கடைக்கு முன்னால போ சார், இங்க விக்கிறதில்ல."

யார் என்று சொன்னேன். எந்த வேலை, எந்த நாள், என்ன செய்தேன் என்று சொன்னேன். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பேசிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோய், பிள்ளையார்களைப் பார்த்துக்கொண்டே உளறினேன். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நீதானா அது" என்றார். பொம்மையைத் திருப்பிப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே, "அயிக்கிறதுக்கு முன்னால அல்லாத்தியும் பாத்துட்டுத்தான அயிப்பீங்க?" என்றார்.

"அப்படித்தாம்மா செய்யணும்."

"அப்ப நீ அல்லாம் பாத்துகீற. சொல்லு. எம் புள்ள இன்னா பேசிகினு இருந்தான்? எனுக்குக் கொஞ்சம் கொஞ்சமா மறந்துகினே வருது. ஒண்ணு ரெண்டு சொல்லு, போதும்."

இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "நான் பார்க்கலம்மா. பார்க்காமலே மூடிட்டேன்" என்றேன். அவர் கையில் இருந்த பொம்மையைக் கீழே வைத்தார். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை, எழுதினாலும் உங்களுக்குப் புரியாது. அதில் கோபம் இல்லை என்பது மட்டும்தான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். எங்கே இருக்கிறேன், அந்த அம்மா என்ன கேட்டார் என்று சொன்னேன். அன்று முழுப் பக்கமும் பார்த்ததாகச் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். "தெரியும்" என்றார். பிறகு, "சற்றுப் பொறுங்கள்" என்றார்.

பார்த்த பதிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி குறிப்பு எழுத வேண்டும் என்று நமக்கு ஒரு வழக்கம் உண்டு. அவசரம் என்றால் முதலில் விட்டுவிடுகிற வேலை அதுதான், நானும் விட்டுவிடுகிறவன்தான். அக்கா விடமாட்டார் போலிருக்கிறது. அன்று காலை என்னை அழைப்பதற்கு முன்பே தினேஷின் பக்கத்தை முதலிலிருந்து கடைசி வரை பார்த்து, அவன் பேசியதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, தன் நோட்டில், சிங்களத்தில் மொழிபெயர்த்து, ஒன்று விடாமல் எழுதியிருந்தார். என் வாசலில் அவருக்கு முடிவெடுக்கும் உரிமை கிடையாது. இருந்தும் எழுதியிருந்தார். போனை ஒலிபெருக்கியில் போட்டு இரண்டு பிள்ளையாருக்கு நடுவில் வைத்தேன்.

"அம்மா, உங்கள் மகன் சொன்னதை நான் வாசிக்கிறேன். 'அம்மா, இன்று யாளிக்குக் கண் வைத்தேன். ஒரு கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. மேஸ்திரி கவனிக்கவில்லை.' சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்."

மல்லிகாவின் முகம் சுருங்கியது. "அவன் இப்டி பேசமாட்டாம்மா" என்றார். மல்லிகா கண்ணை மூடிக்கொண்டு, வேறு ஒரு குரலில், மெதுவாகச் சொன்னார்: "யம்மோவ், இன்னிக்கி யாளிக்கு கண்ணு வெச்சேன். ஒரு கண்ணு பெருசா பூட்ச்சி. மேஸ்திரி பாக்கல. இப்டித்தான் சொல்லியிருப்பான். மேல சொல்லும்மா."

"'இங்கே மழை விடவில்லை. சுதை காயவில்லை.'"

"மய வுடவே இல்லமா. சுதை காயல."

அக்கா ஒரு வரி படிப்பார். இவர் அதை மகன் பேச்சில் திருப்பிச் சொல்வார். பட்டறையில் மற்றவர்களும் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

"'பக்கத்து வீட்டு அம்மா பலாக்காய்க் கறி கொடுத்தார். உன் குழம்பு மாதிரி இல்லை. ஆனாலும் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.'"

"துன்னுவான், துன்னுவான். எந்த வூட்லயும் கூச்சப்படாம குந்திடுவான்" என்ற மல்லிகா, சட்டென்று நிறுத்தினார். "அது யாரு அந்தம்மா? அந்த ஊரு ஜனமா?"

"ஆம். எங்கள் ஊர்."

"நீயும் அந்த ஊருதானா?"

"ஆம், அம்மா."

நான் போனை எடுத்துவிடலாமா என்று கை நீட்டினேன். மல்லிகா என் கையைத் தள்ளினார்.

"நா வுட்ட சாபம் உனுக்கும் சேத்துத்தான்."

"கேட்டேன்."

"அத்தையும் எய்தி வெச்சிகிறியா?"

"வைத்திருக்கிறேன்."

"இன்னான்னு?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அச்சுத் தமிழில், ஒவ்வொரு சொல்லாக, அக்கா வாசித்தார்: "'மகனை இழந்த தாய் அழுகிறார். நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்."

மல்லிகா இரண்டு கையையும் முந்தானையில் துடைத்தார். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, என் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்தார்.

"சரி. அடுத்தது படிம்மா" என்றார்.